பதினெட்டு நிமிடக் கச்சேரிக்குப் பதினொரு மணி நேர வேன்

இந்த மாத வாசகர் கேள்விகளை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். நான் ஹட்டன் பக்கம் ஒரு சவுண்ட்ஸ் கடையில் வேலை செய்கிறவன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் பெட்டி தூக்குவது தொழில். மிச்ச நேரத்தில் ஒரு ஹார்ட்கோர் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிறேன். மொத்தம் நாலு பேர். பேண்டின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் கிட்டார்காரர் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார், அங்கே இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது. கேள்வி கேட்டவர்களின் பெயரையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம். சரி, ஆரம்பிக்கலாம்.

என் தம்பி ஒரு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறான். கேட்டால் ஹார்ட்கோர் என்கிறான். அது என்ன? தொண்டை போய்விடாதா?
ஓர் ஆசிரியை, தலவாக்கலை

அக்கா, பங்க் என்கிற முரட்டு ராக் இசைக்குப் பிறந்த அவசரக்காரத் தம்பிதான் ஹார்ட்கோர். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வாஷிங்டன், லொஸ் ஏஞ்சலிஸ், பொஸ்டன், நியூயோர்க் என்று ஊர் ஊராகப் பையன்கள் பங்கை எடுத்து இன்னும் வேகமாக்கினார்கள், இன்னும் சுருக்கினார்கள். ஒரு பாட்டு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. முன்னுரை கிடையாது, சுற்றி வளைக்கிற வேலை கிடையாது. வாஷிங்டனில் பேட் பிரெயின்ஸ் என்று நான்கு கறுப்பு இளைஞர்கள். ஜாஸ் கலந்த இசை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய டிரம்ஸை முதன்முதலில் கேட்டபோது போனில் ஏதோ கோளாறு, பாட்டு வேகமாக ஓடுகிறது என்றுதான் நினைத்தேன்.

தொண்டை விஷயம். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால் நிச்சயமாகப் போய்விடும். மூச்சை வயிற்றிலிருந்து தள்ள வேண்டும், தொண்டையை இறுக்கக் கூடாது. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். எங்கள் பாட்டுக்காரன் இதைக் கற்றுக்கொண்டது ரயிலில். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதே, ரயில் உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்கக் "கூ" என்று கத்தும். நாமும் சின்னதில் கத்தியவர்கள்தான். அவன் மட்டும் வளர்ந்த பிறகும் விடவில்லை. சுரங்கம் முடியும்வரை ஒரே மூச்சில் கத்த முடிகிறதா என்று மாதக்கணக்காகப் பார்த்தான். முடியவில்லை. ஆனால் மூச்சு நீண்டுவிட்டது.

தம்பியிடம் பச்சைத் தண்ணீரைக் குறைத்து வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்துவைக்கவும் சொல்லுங்கள், காற்று வரட்டும்.

உங்கள் முதல் கச்சேரி எங்கே நடந்தது?
ஒரு மாணவர், பொகவந்தலாவை

ஒரு தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில், தம்பி. யாரும் எங்களை அழைக்கவில்லை. அன்றைக்கு ஒலிபெருக்கி எங்கள் கடையுடையது. சினிமாப் பாட்டு வாசிக்கிற இசைக்குழு இரவு எட்டரைக்கு வர வேண்டும், வேன் மண்சரிவுப் பாதையில் மாட்டிக்கொண்டது. ஜனம் உட்கார்ந்துவிட்டது. கோயில் கமிட்டி ஐயா என்னைப் பார்த்து, "நீங்களும் ஏதோ குழு வச்சிருக்கீங்களாமே, கொஞ்ச நேரம் ஓட்டுங்க" என்றார். பாவம், நல்ல மனிதர்.

முதல் பாட்டு ஐம்பது விநாடி. அது முடிந்ததும் அப்படி ஒரு அமைதி. வயலின் சரிபார்க்கிறார்கள் என்று நினைக்கிற மாதிரி, நாங்கள் சவுண்ட் செக் செய்கிறோம் என்று எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள். இரண்டாவது பாட்டில் எங்கள் பாட்டுக்காரன் வழக்கம்போல முட்டி போட்டு, தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்துவந்தார். அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கையைக் கூப்பி, "என்ன வேணும் சாமி, சொல்லு" என்று கேட்டார். சாமி வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

மைக் திறந்திருந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே "தண்ணி" என்றான். சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தான். மூன்றாவது பாட்டு அடித்தோம். அதற்குள் வேன் வந்துவிட்டது.

அம்மாவுக்கு மறுநாள் காலை கொழுந்து பறிக்கிற மலையில் செய்தி போய்விட்டது. மாலையில் என்னிடம் ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வருமா?"

வெளியூரில் எவ்வளவு மோசமாக வாசித்தாலும் நாங்கள் ஒரு பேண்ட். ஊரில் நாங்கள் இன்னார் மகன், இன்னார் பேரன். கச்சேரியைப் பார்த்தவர்களைவிடக் கச்சேரியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். உள்ளூரில் வாசிப்பது எனக்கு இன்றைக்கும் பயம்.

பெண்கள் இந்த மாதிரிக் குழுக்களில் இருக்கிறார்களா? வீட்டில் எப்படிச் சம்மதிப்பார்கள்?
ஒரு வாசகி, மஸ்கெலியா

எங்கள் பேஸ் கிட்டார் ஒரு தங்கச்சி. பகலில் மருந்துக் கடையில் நிற்கிறாள். எங்கள் நாலு பேரில் தாளம் பிசகாதவள் அவள்தான், டிரம்ஸ்காரனாகிய நான் இதை அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

சம்மதம் இப்படி வந்தது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. "போகலாம், ஆனா நானும் வருவேன்" என்றார். வந்தார். இன்றுவரை வருகிறார். வேனில் முன்சீட் அவருக்கு. எந்த ஊராக இருந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தேநீர்ப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமா என்று கூப்பிடுகிறோம். முதலில் எங்களைக் கண்காணிக்க வந்தவர், மூன்றாவது கச்சேரியில் பணப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த அமைப்பாளரும் எங்களை ஏமாற்றியதில்லை.

அவரிடம் ஒரு நீளக் கொப்பி இருக்கிறது. தோட்டத்தில் வேலைநாள் பதிகிற செக்ரோல் மாதிரியே கோடு போட்டு, எங்கள் நாலு பேருக்கும் ஒவ்வொரு கச்சேரிக்கும் பேர் போடுகிறார். முழுதாக வாசித்தால் ஒரு பேர். பாதியில் நின்றால் அரைப்பேர்.

தங்கச்சி, எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருக்க மாட்டார், தெரியும். எங்கள் பயிற்சியும்கூட ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரித்தான். அதற்குப் பிறகு ஓட்டோ, ஓட்டோவுக்குக் காசு, காசுக்குக் கேள்வி. பெண்பிள்ளைகள் இசைக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் கடைசி பஸ்தான் என்று நான் நினைக்கிறேன். ரொம்பப் பெரிய காரணங்களைத் தேடுகிறவர்கள் முதலில் பஸ் நேரத்தைப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் வாசித்தபோது நானும் இருந்தேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இருபது நிமிடம்கூட வாசிக்காமல் இறங்கிவிட்டீர்களே, கோபமா?
ஒரு வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

ஐயோ, கோபமே இல்லை. அதுதான் முழுக் கச்சேரி! பதினொரு பாட்டு, பதினெட்டு நிமிடம். எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் வாசித்துவிட்டோம்.

ரயிலில் வர நினைத்தோம். ஹட்டனில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும். பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேடை மாறுவதை நினைத்ததும் அந்த யோசனையைக் கைவிட்டோம். விடியற்காலை நாலு மணிக்கு வேன். குளிருக்கு எல்லாரும் கம்பளித் தொப்பி. கண்டி வந்ததும் தொப்பி கழன்றது, தம்புள்ளையில் ஸ்வெட்டர் கழன்றது, வவுனியா தாண்டியதும் கழற்ற எதுவும் இல்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை ஏ9 பாதை மட்டும் 321 கிலோமீற்றர். பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். வேனுக்குள் இருந்த கிட்டாரை எடுத்துத் தட்டினால், ஆறு கம்பியும் தொய்ந்து, பழைய கட்டில் மாதிரி சத்தம்.

டியூஷன் வகுப்பு நடக்கிற ஒரு மண்டபம். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். ஏழாவது பாட்டில் என் ஸ்நேர் டிரம்மின் தோல் கிழிந்தது. உங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய் வீட்டிலிருந்து தன்னுடைய ஸ்நேரையே கொண்டுவந்து தந்தார். அந்த இடைவெளியில் மாமா எழுந்து மைக்கைப் பிடித்து, தேயிலை எப்படிப் பறிக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பேசினார். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டு வாங்கியது அந்தப் பேச்சுத்தான் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

முடிந்த பிறகு ஓர் அண்ணன் வந்து, "நீங்கள் மலையகமோ? கதைக்கேக்க தெரியேல்லை" என்றார். "கதைக்கவே இல்லையே அண்ணே, கத்தினோம்" என்றேன். சிரித்தார். பக்கத்தில் மாமா சிரிக்கவில்லை. வேனில் திரும்பும்போதுதான் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது, தோட்டத்து ஆட்களை இளக்காரமாகக் குறிக்கிற ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறார். அது திரும்ப வருமோ என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாராம். வரவில்லை. அன்றிரவு எங்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் தந்த வீட்டு அம்மாவிடம் அவர் ஒரு கிலோ டஸ்ட் தேயிலை கொடுத்தார், அவர்கள் பனங்கட்டி கட்டித் தந்தார்கள். ஸ்நேர் தந்த தம்பிக்கு நான் இன்னும் ஒரு தோல் கடன்.

வெளியூர் போனால் எவ்வளவு கிடைக்கும்? பதுளையில் நீங்கள் ஏழே நிமிடம்தான் வாசித்தீர்கள். அதற்கும் காசு வாங்கினீர்களா?
ஒரு வாசகர், பதுளை

நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். மாமாவின் கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பயணம்: வேனும் டீசலும் 48,000 ரூபா, சாப்பாடு 6,500, ஸ்நேர் தோல் 4,500. ஆக 59,000. வந்தது: அமைப்பாளர்கள் தந்தது 25,000, வாசலில் சேர்ந்தது 11,400, கையால் அச்சடித்த துணி ஒட்டுகள் விற்றது 3,600. ஆக 40,000. துண்டு விழுந்தது 19,000. ஆளுக்கு 4,750 கையிலிருந்து போட்டோம். மாமா தன் பங்கையும் போடுகிறேன் என்றார், நாங்கள் விடவில்லை.

இது எங்கள் தலையெழுத்து மட்டும் இல்லை. கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் என்ற பேண்ட் 80களில் ஒரு வேனில் அடைந்துகொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. அதன் கிட்டார்காரர் கிரெக் கின், வானொலி ஆர்வலர்களுக்குக் கருவி செய்து விற்கிற சின்னத் தொழில் வைத்திருந்தவர். அந்தத் தொழிலின் பெயரிலிருந்த எஸ்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்தையே பிறகு இசைத்தட்டு நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார். சவுண்ட்ஸ் கடைக்காரன் எனக்கு இந்தக் கதை எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. வாஷிங்டனின் பியுகாசி பெரிய பேண்ட் ஆன பிறகும் நுழைவுச்சீட்டை ஐந்து டொலர் அளவிலேயே வைத்திருக்கப் பாடுபட்டார்கள். நாங்கள் 300 ரூபா வாங்குகிறோம். பாடசாலைப் பிள்ளை என்றால் மாமா கண்ணை மூடிக்கொள்வார்.

பதுளைக் கதை வேறு. எங்கள் பெயர் பட்டியலில் கடைசி. முன்னால் வாசித்தவர்கள் நேரத்தை மதிக்கவில்லை. இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதனால் அனுமதிக் கடிதத்தில் பத்து மணி என்று போட்டிருந்தால் பத்து மணிதான். பொலிஸ் உத்தியோகத்தர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏறும்போது 9.53. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் வணக்கம் சொல்வதற்கே ஏழு நிமிடம் போயிருக்கும். நாங்கள் நாலு பாட்டு அடித்தோம், 9.59க்கு மாமா பிளக்கைப் பிடுங்கினார். உத்தியோகத்தருக்கு எங்களைப் பிடித்துவிட்டது. நேரத்துக்கு முடித்த ஒரே குழு என்றார்.

காசு வாங்கினோம். கொப்பியில் அரைப்பேர்தான்.

நுவரெலியாவில் கிட்டார் சுருதி நிற்கவே இல்லை. காலையில் வைத்தால் மாலையில் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?
ஒரு வாசகர், நுவரெலியா

ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறீர்கள். குளிரில் உருக்குக் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். கொழும்புக்கு இறங்கினால் கம்பி நீளும், சுருதி இறங்கும். வாசிக்கப்போகிற இடத்தில் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் சும்மா வைத்துவிடுங்கள். அந்த இடத்துக் காற்றுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு சுருதி சேருங்கள். வாசித்து முடிந்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடையுங்கள், மிஸ்ட் இறங்குகிற ஊரில் துரு ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்காமலே சொல்கிறேன். தோட்டத்து மண்டபங்களில் பல இடத்தில் மின்சாரத்துக்கு எர்த் சரியாக இருக்காது. கிட்டார் அம்ப்ளிபயரை ஒரு பிளக்கிலும் மைக் மிக்சரை வேறெங்கோவிருந்து இழுத்த வயரிலும் போட்டால், கையில் கிட்டாரோடு வாயை மைக்கில் வைக்கிறவருக்கு ஷொக் அடிக்கும். எங்கள் கிட்டார்காரர் பின்குரல் கொடுக்கப்போய் உதடு மரத்து நின்றதைப் பார்த்தவன் நான். நம்மிடம் இருப்பது 230 வோல்ட், விளையாட்டு இல்லை. இரண்டையும் ஒரே லைனில், எர்த் உள்ள பிளக்கில், ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போடுங்கள். எர்த் இல்லையென்றால் வாசிக்காதீர்கள். இதில் மட்டும் நான் கறார்.

என் மகன் பேண்ட் சேரப்போகிறேன் என்கிறான். குடிப்பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு தாய், ஹட்டன்

அம்மா, பொய் சொல்ல விரும்பவில்லை. நான் குடிப்பதில்லை. எங்களில் ஒருவர் குடிப்பார், ஆனால் வாசிக்கிற நாளில் இல்லை. நிமிடத்துக்கு இருநூறு அடி விழுகிற வேகத்தில் ஓடுகிற பாட்டுக்குக் கையும் கண்ணும் நிதானத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்குச் சொல்ல ஒரு கதை. 1980-இல் வாஷிங்டனிலிருந்து டீன் ஐடில்ஸ் என்று சின்னப் பையன்களின் பேண்ட் ஒன்று, பஸ் ஏறி நாட்டின் அடுத்த கரைக்கு, கலிபோர்னியாவுக்கு வாசிக்கப் போனது. சான் பிரான்சிஸ்கோவில் கச்சேரி நடக்கிற ஒரு மது விடுதி. அவர்களுக்கோ மது வாங்கும் வயது வரவில்லை. உள்ளே விடாமல் துரத்துவதற்குப் பதிலாகக் கையின் பின்புறத்தில் பெரிதாக எக்ஸ் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி இருந்தால் மது கொடுக்க மாட்டார்கள். ஊர் திரும்பிய பையன்கள் அதையே தங்கள் ஊர் விடுதிக்காரர்களிடம் சொல்லி, சிறுவர்களும் கச்சேரி பார்க்க வழி செய்தார்கள். பிறகு குடிக்க மாட்டேன், போதை எடுக்க மாட்டேன் என்று சொல்கிற பிள்ளைகள் அந்தக் குறியைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் போடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் குடிக்காதவனை யாரும் கேலி செய்வதில்லை. கல்யாண வீட்டுக்குப் பின்னால் நடப்பதைவிட இது எவ்வளவோ மேல், இரண்டு இடத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் சொல்கிறேன்.

மகனோடு ஒரு தடவை நீங்களும் வாருங்கள். மாமாவின் பக்கத்தில் நாற்காலி போடலாம்.

2022-இல் மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்போது என்ன செய்தீர்கள்?
ஒரு வாசகி, பண்டாரவளை

உங்கள் ஊரில்தான் வாசித்தோம், தெரியாதா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு போனது. கச்சேரி வைப்பதாகச் சொன்ன நண்பர், ரத்து செய்ய வேண்டும் என்று வருத்தப்பட்டுப் பேசினார். எங்கள் கடையில் தேர் ஊர்வலத்துக்குக் கொடுக்கிற பன்னிரண்டு வோல்ட் அம்ப்ளிபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் இருந்தன. லொறி பேட்டரியில் ஓடும். அதோடு ரயிலேறி வந்தோம். டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை. கிட்டாரை அந்தக் குழாயில் விட்டோம். பேஸ் அதில் சுத்தமாகக் கேட்கவில்லை, தங்கச்சி முழுக் கச்சேரியும் ஊமைப் படம் மாதிரி வாசித்தாள். கிட்டார் சத்தமோ, முருகன் கோயில் காலைப் பாட்டுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு ஓட்டோவின் முன்விளக்கு. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய், பிறகு ஒரு பாட்டைக் குழாய் ஸ்பீக்கரிலேயே பதிவு செய்தோம்.

ஓகஸ்டில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தது. வேனுக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5. யாருடைய பங்கில் யார் போவது என்று மாமா தனியாக ஒரு பக்கம் கோடு போட்டார். கம்பி ஒரு செட்டின் விலையைக் கேட்டுவிட்டு அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்த காலம் அது.

கண்டியிலும் கொழும்பிலும் சிங்களப் பிள்ளைகள் முன்னால் தமிழில் கத்துகிறீர்களே, அவர்களுக்குப் புரியுமா?
ஒரு வாசகர், கண்டி

தமிழ்ப் பிள்ளைகளுக்கே புரிவதில்லை ஐயா.

ஒன்று மட்டும் சொல்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு இலக்கம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வருவதைப் பற்றி எங்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. அதில் "முகவரி" என்ற சொல் பதினாறு தடவை வரும். கொழும்பில் ஒரு சிங்களத் தம்பி வந்து அதற்கு அர்த்தம் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடுத்த முறை போனபோது முன்வரிசையில் நின்று எங்களுக்கு முன்னாலேயே "முகவரி!" என்று கத்தினான். ழகரம் இல்லாத சொல்லாகப் போனதில் எல்லாருக்கும் வசதி.

மலையகத்துப் பேண்ட் என்கிறீர்கள். ஏன் தப்பு மேளம் சேர்க்கவில்லை?
ஒரு வாசகர், கினிகத்தேனை

இந்தக் கேள்வி மேடைக்கு மேடை வருகிறது. கொழும்பில் கேட்கிறவர்கள், சேர்த்தால் அழகாக இருக்கும் என்பார்கள். ஊரில் யாரும் கேட்பதில்லை.

என் தாத்தா தப்படித்தவர். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குக் கூடுவதற்கு, ஆள் எழுப்ப விடியற்காலையில் அடித்திருக்கிறார். மாசியில் காமன் கூத்துக்கு அடித்திருக்கிறார். சாவு வீட்டுக்கு அடித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. மழைநாளில் தோல் நனைந்து தொங்கும், சருகைக் கொளுத்தி அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்ப்பார். டிரம்முக்குச் சாவி போட்டு முறுக்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சருகு வாசம் வரும். ஒரு கையில் தடித்த குச்சி, மறுகையில் மெல்லிய நீளக் குச்சி, இரண்டு கைக்கும் இரண்டு வேலை. என் கை பிரிந்து வேலை செய்யக் கற்றது அவரிடம்தான். இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் பேண்டின் பெயரால் டி-பீட் என்று ஒரு அடி உண்டு, அதைப் பழக மற்றவர்கள் மாதக்கணக்கில் கஷ்டப்படுவார்கள். எனக்கு ஒரு வாரம்.

ஆனால் அந்தத் தப்புக்காகவே எங்கள் குடும்பத்தைத் திண்ணைக்குக் கீழே நிற்கவைத்த வீடுகளும் இருந்தன. அப்பா அதனாலேயே தப்பைத் தொடவில்லை. தாத்தா கைவிட்ட பிறகு அதை அட்டாளையில் சாக்குப் போட்டு மூடிவைத்தார். அப்படி மூடிவைத்த ஒன்றை, மேடைக்கு ஒரு நிறம் கிடைக்கும் என்பதற்காக நான் இறக்க மாட்டேன். வீட்டில் எல்லாரும் சரி என்று சொல்கிற நாளில் பார்க்கலாம். இதில் நான் தப்பாகக்கூட இருக்கலாம், தங்கச்சியும் பாட்டுக்காரனும் என்னோடு சண்டை பிடிக்கிறார்கள்.

தாத்தா எங்களை ஒரே ஒரு தடவை பார்த்தார். தோட்டத்து வாசிகசாலையில், பதினேழு பேர் வந்த கச்சேரி. பின்சுவரில் சாய்ந்து நின்று முழுதும் கேட்டார். நான் வியர்வையோடு இறங்கிவந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டிரம்மின் பெடலைக் காட்டி, "கால்லயும் ஒரு குச்சி வச்சிருக்கான் பாரு" என்றார், மாமாவிடம். பிறகு குனிந்து அதைக் கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.